ரி.என்.ரி. என்று எழுதியிருந்த கடிதம்

1994 ஒக்ரோபர் ஏழாம் திகதி, வெள்ளிக்கிழமை பின்னேரம், அகஸ்ரினுக்கு மணிலாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலை முடிந்து வந்து, பார்க்டேலில் ஜேம்சன் அவென்யூக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தபால்பெட்டியைத் திறந்தபோது, பீற்சாக் கடை விளம்பரங்களுக்கு நடுவே அது கிடந்தது. முத்திரையைக் கண்டதும் லிஃப்ற்றுக்குக் காத்திராமல் ஐந்து மாடியும் படியிலேயே ஏறினான்.

தம்பி சீமோனைப் பற்றி ஐந்து மாதமாக ஒரு தகவலும் இல்லை. பெப்ரவரியில் ஏஜென்ற் அவனைக் கொழும்பிலிருந்து ஏற்றினான். மணிலாவில் இரண்டு கிழமை, பிறகு நேரே ரொறன்ரோ என்றான். ஏப்ரல் கடைசியில் சீமோன் ஒருமுறை போனில் கதைத்தான். பதினொரு பேரை வைத்திருந்த வீட்டில் இப்போது நாலு பேர்தான் இருக்கிறோம், பாஸ்போர்ட்டெல்லாம் ஏஜென்ரிடம், ஆளைக் காணவில்லை என்றான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஏஜென்ரின் போன் நம்பரும் மாறிவிட்டது.

வெளிக்கிட வைத்தது அகஸ்ரின்தான். சீமோன் கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். "இங்கையே சமாளிப்பன் அண்ணை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். "ரவுண்டப்பிலை பிடிச்சுக்கொண்டு போனால் ஆர் வந்து எடுக்கிறது? பேசாமல் வெளிக்கிடு" என்று அகஸ்ரின் போனில் கத்தினான். சீமோன் வெளிக்கிட்டான்.

கடிதம் சீமோனின் கையெழுத்தில் இல்லை. கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். ஆங்கில எழுத்து, ஆனால் ஆங்கிலமில்லை. தன்னுடைய பெயரை அவனால் வாசிக்க முடிந்தது. 'சைமோன்' என்று நாலு இடத்தில் இருந்தது. தாளின் நடுவில் பெரிய எழுத்தில் ரி.என்.ரி. கடைசியில் ஒரு போன் நம்பர்.

அந்த நம்பரை உடனே அடித்தான். அப்படியொரு இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

அவனோடு அந்த அபார்ட்மென்றில் இருந்தவர் விநாயகமூர்த்தி. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர், ஐம்பது வயது. ஜேம்சனில் பாதிப் பேருக்கு அவர்தான் ஃபோர்ம் நிரப்பிக் கொடுப்பார். அடுத்தநாள் நூலகத்துக்குப் போய் ஒரு தகாலோக் அகராதியை எடுத்துவந்து, குசினி மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"முழுசாய் வாசிக்கப்போனால் ஒண்டும் விளங்காது. சொல்லுச் சொல்லாய்ப் பிடிப்பம்" என்றார்.

அகஸ்ரின் எழுத்துக்கூட்டினான். அவர் பக்கம் புரட்டினார்.

"லெஸ்பு. இல்லை. ஒப்லோ. அதுவும் இல்லை. உதோல்... இல்லை. தொம்கட்ஸ். இதென்ன, இங்கிலீசோ? கட்ஸ் எண்டால் குடல்."

"குடலோ?"

"பொறு. சிபாட். இது கிடக்கு." அவர் விரலை அந்த வரியில் வைத்தார். "ஈட்டி."

"ஈட்டியாலை ஆரண்ணை இப்ப குத்துறாங்கள்?"

"எனக்கென்ன தெரியும், புத்தகத்திலை கிடக்கிறதைச் சொல்லுறன். பலிக்தாட்... கவிழ்ந்தது, தலைகீழானது. வாகனம் ஏதும் கவிண்டுதோ தெரியாது."

ஒரு துண்டில் அவர் எழுதி வைத்தார். குடல். ஈட்டி. கவிழ்ந்தது. நாலாவதை எழுதாமல் பேனையை மூடினார்.

"ரி.என்.ரி.க்கு அகராதி தேவையில்லை, அகஸ்ரின்."

யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவனைப் பற்றிய கடிதத்தில் வெடிமருந்தின் பெயர். யார் நம்புவார்கள், இவன் கொழும்பில் அச்சுக் கோத்தவன் என்று? அகஸ்ரினுடைய அகதி விசாரணை நவம்பர் பதினேழாம் திகதி. இரண்டு வருடமாகக் காத்திருந்த திகதி.

"உதைக் கிழிச்சு ரொயிலற்றுக்குள்ளை போடு" என்றார் விநாயகமூர்த்தி. "உன்ரை ஹியரிங் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. நானும் இந்த விலாசத்திலைதான் இருக்கிறன்."

அகஸ்ரின் கிழிக்கவில்லை. குளிர்க் கோட்டின் உள்துணியில் சின்னதாக வெட்டி, கடிதத்தை உள்ளே தள்ளி, தைத்துவிட்டான். அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனான், வந்தான். ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் அவனுக்குக் கோப்பை கழுவும் வேலை. நீராவிக்குள் நின்று தட்டுகளை அடுக்கும்போது, சீமோனை ஒருநாள் ஈட்டியோடும் மற்றநாள் கவிழ்ந்த வாகனத்தோடும் கண்டான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில், மன்றாட்டுக் கருத்துகளை எழுதும் கொப்பி அவன் கைக்கு வந்தது. ஒரு பக்கம் உயிரோடிருப்போருக்காக, மறுபக்கம் இறந்தோருக்காக. சீமோனின் பெயரை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்ற அன்ரி "முடிஞ்சுதோ தம்பி?" என்று கேட்டா. எழுதாமலே கொப்பியைக் கொடுத்தான்.

இப்படி மூன்று கிழமை போனது.

இருபத்தேழாம் திகதி வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். அடுத்த மேசையில் நாலைந்து பிலிப்பினோப் பெண்கள் இருந்தார்கள், முதியவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்துகிறவர்கள். யாரைப் பற்றியோ தணிந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒருத்தி சொன்னாள்: "ரி.என்.ரி." மற்றவர்கள் அனுதாபமாகத் தலையாட்டினார்கள். ஒருத்தரும் பயப்படவில்லை. சோற்றைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள்.

அகஸ்ரின் எழும்பிப் போனான்.

"ரி.என்.ரி. எண்டால் உங்கடை பாஷையில் என்ன?"

ஒருத்தி கரண்டியைப் பார்த்தாள். இன்னொருத்தி மணியைப் பார்த்தாள். அவன் அங்கே நிற்கவில்லை என்பதுபோல எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும் ஸ்ரீட்காரில் அவன் ஜன்னலோரம் இருந்து யோசித்தான். ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனால், தூக்கிப்போட்டாங்கள் என்று ஊரில் சொல்லுவோம். அகராதியைப் பார்க்கிறவனுக்கு, யாரையோ கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார்கள் என்றுதான் விளங்கும். சுட்டுக் கொன்றதை மண்டையிலை போட்டாங்கள் என்றால், தலையில் தொப்பி வைத்தார்கள் என்று நினைப்பான். இயக்கக்காரரைப் பெடியள் என்கிறோம்; அந்தச் சொல்லுக்கு எந்த அகராதி துவக்கு என்று சொல்லும்? பயந்த சனத்தின் சொல்லெல்லாம் இப்படித்தான் இருக்கும். அந்த நாலு சொல்லையும் நம்பி மூன்று கிழமையைத் தொலைத்துவிட்டோமே என்று நினைத்தான். வீட்டுக்குப் போனதும் கோட்டின் தையலைப் பிரித்தான்.

வெள்ளிக்கிழமை கடிதத்தை மிஸிஸ் அக்பயானியிடம் கொண்டுபோனான். அந்த இல்லத்தின் தலைமை நேர்ஸ் அவர். அறுபது வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, யாரிடமும் சிரிக்காத முகம். மருந்து அறையில் நின்றபடியே வாசித்தார். இரண்டாவது வரியிலேயே உதட்டைச் சுழித்தார்.

"இது தகாலோக் இல்லை. குப்பை. நான் வடக்கே இலோகோஸ்காரி. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். இப்படிப் பேசுகிறவர்களோடு எனக்குப் பழக்கமில்லை."

"தம்பி இருக்கிறானா, செத்திட்டானா? அதை மட்டும் சொல்லுங்கோ."

அவர் திரும்பவும் தாளைப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. "பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை. பிழையாகச் சொல்லிவிட்டால் அது பாவம்." கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "ஞாயிறு இரண்டு மணிக்கு எங்களுடைய பூசை இருக்கிறது, உன் வீட்டுக்குக் கிட்ட உள்ள கோயிலில்தான். ரெமி என்று ஒரு பெண். தொண்டோவில் பிறந்தவள், மணிலாத் துறைமுகத்துச் சேரி அது. கோயிலுக்குள் பின்னால் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பாள். இறுதி ஆசீர்வாதத்துக்கு முதலே போய்விடுவாள். நான் அனுப்பினதாகச் சொல்லாதே."

ரெமி அப்படியே போனாள். முப்பது வயதிருக்கும், சின்ன உருவம், பச்சைத் தொப்பி. பாதிரியார் கையை உயர்த்தும்போதே வெளியே வந்து குயின் வீதியில் வேகமாக நடந்தாள். அகஸ்ரின் பின்னால் போனான். அவள் திரும்பிப் பார்த்தாள். நீளக் கோட்டுப் போட்ட அந்நிய ஆண் ஒருவன் தன்னைத் தொடர்வதைக் கண்டு ஓடத் தொடங்கினாள். அவனும் ஓடினான். "மிஸ்! மிஸ்!" என்று கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் வேகமாக ஓடினாள். அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. கடிதத்தில் இருந்த ஒரு சொல்லைக் கத்தினான்.

"உதோல்! உதோல்!"

அவள் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"அந்தச் சொல்லை உனக்கு யார் சொல்லித் தந்தது?"

அவன் கடிதத்தை நீட்டினான். எட்ட நின்றே கையை நீட்டி வாங்கினாள். தெருவிலேயே முதல் நாலு வரியை வாசித்தாள். "உள்ளே போவோம், குளிர்கிறது" என்றாள்.

டோனட் கடையில் மூலை மேசை. ரெமி கதவைப் பார்க்கும்படி இருந்தாள். முழுவதையும் மனதுக்குள் வாசித்து முடிக்கும்வரை அவன் அவளுடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உயிரோடை இருக்கிறானோ?"

"இதை எழுதிய அன்று இருந்தான்."

அகஸ்ரின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் கோப்பியை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்துச் சொன்னாள்.

"எழுதியவன் பெயர் போயெட். பேப்பர் இல்லாமல் பிடிபட்ட உன் தம்பியோடு ஒரே சிறை அறையில் மறியலில் இருந்தவன். உன்னை உதோல் என்று கூப்பிடுகிறான். புதோல் என்றால் வெட்டுவது. ஒரே தொப்புள்கொடியிலிருந்து வெட்டப்பட்டவர்கள், சகோதரம். என் அம்மா அப்படித்தான் சொல்லுவாள். உன் தம்பி அவனுக்கு உதோல், அதனாலே நீயும் உதோல்."

"லெஸ்பு?"

"புலிஸ். பொலிஸைத் திருப்பிப் போட்டது. பு - லிஸ், லிஸ் - பு. எங்கள் பக்கத்தில் எல்லாச் சொல்லையும் திருப்புவார்கள். பொலிஸுக்கு விளங்கக் கூடாது என்றுதான் தொடங்கியதாம். இப்போது பொலிஸும் அப்படித்தான் பேசுகிறது." அவள் சிரிக்கவில்லை. "லோஓப் என்றால் உள்ளே. திருப்பினால் ஒப்லோ. மறியல். குதோம் என்றால் பசி, அதன் திருப்பல்தான் தொம்கட்ஸ். உன் தம்பி ஒப்லோவில் எப்போதும் தொம்கட்ஸ் என்று எழுதியிருக்கிறான். சோற்றை மற்றவர்கள் பறித்துவிடுவார்களாம்."

குடல் இல்லை. பசி. அகஸ்ரின் தலையை ஆட்டினான்.

"ஓகஸ்றில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து சிபாட்."

"ஈட்டி."

"ஈட்டிதான். எறிந்த ஈட்டி எப்படிப் போகும்? நிற்காமல் போகும். ஓடிவிட்டான் என்று அர்த்தம். விடுதலையாகி வெளியில் நின்ற போயெட்டிடம் போய்ச் சேர்ந்தான். இப்போது போயெட்டின் எர்மாட்டோடு, அம்மாவோடு, தொண்டோவில் இருக்கிறான். திரும்பவும் காய்ச்சல். இதை எழுதும்போது உன் தம்பி பிதற்றிக்கொண்டு கிடந்திருக்கிறான். செத்துப்போவானோ என்ற பயத்தில்தான் போயெட் எழுதியிருக்கிறான். உன் விலாசம் மட்டும்தான் அவனுக்குப் பாடம், போன் நம்பர் எழுதின கொப்பியைப் பறித்துவிட்டார்கள். ரொறன்ரோவில் பிலிப்பினோக்கள் நிறைய, யாரிடமாவது கொடுத்து வாசி என்கிறான்."

யாரிடமாவது கொடுத்து வாசி. அவன் அதைக் கோட்டுக்குள் வைத்துத் தைத்திருந்தான்.

"ரி.என்.ரி.?"

ரெமி தாளை மடித்து மேசையில் வைத்தாள். கடைக்குள் வந்த இருவரைப் பார்த்தாள். கிழவனும் கிழவியும். அவர்கள் இருந்த பிறகுதான் பேசினாள்.

"தாகோ நாங் தாகோ. ஒளிக்கிறான், ஒளிக்கிறான், ஒளித்துக்கொண்டே இருக்கிறான். அந்த மூன்று சொல்லின் ஆங்கில முதலெழுத்துகள். பேப்பர் இல்லாதவன். உன் தம்பி இப்போது ரி.என்.ரி. லெஸ்புவிடம் விசாரிக்காதே, எம்பசிக்குப் போகாதே என்று எழுதியிருக்கிறான்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "நானும் அதுதான். ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க வந்தேன். அந்த வீட்டுக்காரன் நல்லவனில்லை. இரண்டு வருடம் முடிய முதல் விட்டுவிட்டு வந்தேன், பெர்மிட் போய்விட்டது. பதினாலு மாதமாக ஒளித்துத் திரிகிறேன். நீ பின்னால் ஓடிவந்தபோது, பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்."

"மன்னிச்சுக்கொள்ளு."

"பரவாயில்லை." அவள் மறுபடி கடிதத்தைப் பிரித்தாள். கடைசி வரிகளை வாசிக்கையில் நெற்றி சுருங்கியது. "இது எப்போது வந்தது?"

"ஏழாம் திகதி."

"ஏழாம் திகதியா?" அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஒவ்வொரு ஞாயிறும் இரவு எட்டு மணிக்கு உன் தம்பி, அவனால் எழும்ப முடியாவிட்டால் போயெட், முன்கடையில் போனுக்குப் பக்கத்தில் நிற்பான். அங்கே இரவு எட்டு, இங்கே காலை. உந்தாஸ் வரைக்கும் நிற்பான். உந்தாஸ் என்றால் கல்லறைத் திருநாள், நாளை மறுநாள். அது முடிய அந்த வரிசை வீடுகளை அரசாங்கம் இடிக்கப் போகிறது. பிறகு எங்கே போவார்கள் என்று அவனுக்கே தெரியாது."

"நம்பர் வேலை செய்யேல்லை. அன்றைக்கே அடிச்சனான்."

"பலிக்தாட் என்று எழுதியிருக்கிறான். தலைகீழ். கடிதம் யார் கையிலாவது சிக்கினால் கடைக்காரிக்கு ஆபத்து என்று, நம்பரையும் திருப்பி எழுதியிருக்கிறான். பின்னாலிருந்து அடிக்க வேண்டும்."

இன்று ஞாயிறு. அங்கே எட்டு மணி தாண்டி ஏழெட்டு மணித்தியாலம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் கடைக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசிக்கு ஓடினார்கள். பின்னாலிருந்து அடித்தபோது மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அடித்தான், எடுக்கவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அடித்தான். செவ்வாயும் அப்படியே. "அவர்கள் எல்லோரும் கல்லறையில் இருப்பார்கள்" என்றாள் ரெமி. "முதல்நாளே சாப்பாட்டோடு போய் அங்கேயே படுப்பார்கள். தொண்டோவில் இன்றைக்கு வீட்டில் இருப்பது பூனை மட்டும்தான்." ஒரு நாட்டுச் சனம் முழுக்கத் தங்கள் செத்தவர்களோடு இருக்க, தான் உயிரோடிருக்கும் ஒருவனைத் தேடி மணியடித்துக்கொண்டிருப்பதை நினைத்து அகஸ்ரின் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதான். விநாயகமூர்த்தி குசினியில் நின்று பார்த்தார். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்.

புதன்கிழமை காலை ரெமி வேலைக்குப் போகும் வழியில் அபார்ட்மென்றுக்கு வந்தாள். ஏழாவது மணியில் ஒரு பெண் போனை எடுத்தாள். ரெமி படபடவென்று பேசினாள். கடைக்காரி யாரையோ கூப்பிடப் போனாள். போயெட்டின் அம்மா வந்தாள். அகஸ்ரின் ரிசீவரின் மறுபக்கத்தில் காதை வைத்திருந்தான். வேகமான பேச்சு, நடுவில் அழுகை. ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு சொல் விளங்கியது. லெஸ்பு. திரும்பவும், லெஸ்பு. அதற்கு முன்னால் வந்த சொல்லை அவனுக்குத் தெரியாது.

"நசகோதே" என்றான். "நசகோதே எண்டால் என்ன?"

ரெமி கையால் போனை மூடினாள். "பிடித்துவிட்டார்கள்."

"எப்ப?"

அவள் கேட்டாள். பதிலை முழுவதும் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தாள்.

"எப்ப எண்டு சொல்லு, ரெமி."

"ஞாயிறு இரவு. எட்டு மணிக்கு வந்து நின்றான். ஒன்பது மணிக்குக் கடை பூட்ட வேண்டும். கடைசி ஞாயிறு என்று கெஞ்சிக்கொண்டு பத்தரை மட்டும் நின்றானாம். ரோந்து வந்த பொலிஸ் கண்டுவிட்டது. போயெட் இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்திருக்கிறான். இவனால் ஓட முடியவில்லை. காய்ச்சல் கிடந்த கால்."

விநாயகமூர்த்தி கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான் கிழிக்கச் சொன்னனான்" என்று ஒருவருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார். கிழிக்கச் சொன்னது அவர். தைத்து வைத்தது அகஸ்ரின்.

அன்றிலிருந்து அவர்கள் மூன்று பேரும் செய்யாதது இல்லை. ரெமி வேலை செய்யும் வீடுகளிலிருந்து வந்ததும், குடிவரவுக் காவல் முகாமுக்குப் போன் எடுத்தாள். சீமோனின் உதோல் பேசுகிறேன் என்று பொய் சொன்னாள். ஆளை அங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை நாலாம் நாள் ஒப்புக்கொண்டார்கள். ரெமியின் பாதிரியார் மணிலாவில் ஒரு பாதிரியாரைப் பிடித்தார், அவர் ஒரு இலவச வக்கீலைப் பிடித்தார். வக்கீல் ஃபாக்ஸில் கேட்டது ஒன்றுதான்: ஏஜென்ற் பாஸ்போர்ட்டைப் பறித்ததும் மறியலில் பட்டினி கிடந்ததும் போயெட்டின் கடிதத்தில் இருந்தால், அதை ஆங்கிலத்தில் எழுதி, ஒருவர் பெயர் விலாசத்தோடு சத்தியம் செய்து கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கள்ளப் பாஸ்போர்ட்டு வழக்கில் ஐந்தாறு வருடம் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

பெயரும் விலாசமும். ரெமி பேனையைக் கையில் எடுத்தாள். அகஸ்ரின் அதை வாங்கி வைத்துவிட்டான்.

"வேண்டாம். உன்னையும் பிடிச்சுக் குடுத்திட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

அடுத்தநாள் மருந்து அறைக்குப் போனான். மிஸிஸ் அக்பயானியிடம் நடந்ததையெல்லாம் சொன்னான். அவர் நடுவில் மறிக்கவில்லை. பின்னேரம் வேலை முடிந்து, அதே வெள்ளைச் சட்டையோடு ஜேம்சன் அவென்யூவுக்கு வந்தார். குசினி மேசையில் ரெமி சொல்லச் சொல்ல, விநாயகமூர்த்தி ஆங்கிலத்தில் எழுத, அவர் ஒவ்வொரு சொல்லையும் கேள்வி கேட்டார். "தெஹின்ஸ் என்றால்?" ஹிந்தி, இல்லை என்பது, அதன் திருப்பல் என்றாள் ரெமி. "ஏன் இல்லை என்று நேரே சொன்னால் வாய் நோகுமா?" ஆனாலும் எழுத விட்டார். கடைசியில் தன் முழுப்பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"இந்தச் சொற்களுக்கு நான் சத்தியம் செய்வேன் என்று எனக்குப் படிப்பித்த சிஸ்ரர்மாருக்குத் தெரிந்தால் கல்லறையில் புரளுவார்கள்" என்றார். போகும்போது ரெமியின் தொப்பியை இழுத்துக் காதை மூடிவிட்டார்.

நவம்பர் பதினைந்தாம் திகதி சீமோனின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. ஒக்ரோபர் பன்னிரண்டில் எழுதியது. காய்ச்சல் மாறி எழும்பியதும் எழுதியிருக்கிறான். தபால் ஒரு மாதத்துக்கு மேலாக எங்கெல்லாமோ சுற்றி வந்திருந்தது.

'அண்ணை, போயெட் எழுதின கடிதம் கிடைச்சிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் கடையடியிலை நிண்டனான். நீங்கள் வேலையாக்கும். அடுத்த ஞாயிறு கட்டாயம் எடுங்கோ. இந்த வீட்டுச் சனம் நல்ல சனம். தங்கடை சாப்பாட்டிலை எனக்கும் தருகினம். பயப்பிடாதேங்கோ.'

அகஸ்ரின் அதை ஒருமுறைதான் வாசித்தான். இரண்டாந்தரம் வாசிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனுடைய விசாரணை. ஒரு மணித்தியாலத்தில் ஏற்றுக்கொண்டார்கள். தம்பியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெளியே வந்து, அவனுடைய வக்கீல் கைகொடுத்ததும், அவன் நேரே வேலைக்குப் போனான்.

மணிலாவில் வழக்கைக் கைவிட்டார்கள். ஆனால் ஆளை வெளியே விடவில்லை. 1995 மார்ச் மாதம் சீமோனைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். கட்டுநாயக்காவில் நாலு நாள் வைத்து விசாரித்தார்கள். அப்போது யுத்தநிறுத்தக் காலம் என்பதால் வெளியே விட்டார்கள். கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றிலிருந்து கதைத்தான்.

குரல் மெலிந்திருந்தது. முன்பல் இரண்டும் இல்லை என்றான், அதனால் சொற்கள் காற்றோடு வந்தன. போயெட் திரும்பவும் உள்ளே போய்விட்டானாம், ஓட உதவி செய்ததற்காக. போயெட்டின் அம்மாவின் வீட்டை இடித்துவிட்டார்கள். அவர்கள் எங்கே என்று தெரியாது. ரெமியும் அந்த மாதம் தங்கியிருந்த இடத்தை மாற்றியிருந்தாள்; புது விலாசத்தை அகஸ்ரினுக்குச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. வழக்கைக் கைவிட்ட நல்ல செய்தியைச் சொல்லப் பூசைக்குப் போனபோது கடைசி வாங்கில் அவள் இல்லை.

"அண்ணை" என்றான் சீமோன். "நாலு ஞாயிறு நிண்டனான். உங்களுக்கு அந்தக் கடிதம் கிடைக்கேல்லையோ?"

கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். தபாலில் தொலைந்தது என்று சொன்னால் அவன் நம்புவான். அகஸ்ரின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கிடைச்சது. ஏழாம் திகதியே கிடைச்சது. பயந்துபோனன், சீமோன். வெடிமருந்து எண்டு நினைச்சுப்போட்டன். ஒருத்தருக்கும் காட்டாமல் ஒளிச்சு வைச்சிருந்தனான்."

கோலிங் கார்டில் எத்தனை நிமிசம் மிச்சமிருக்கிறதோ தெரியாது. வெட்டிவிட்டானோ என்று நினைத்தான்.

"உங்களுக்கு ஹியரிங் முடிஞ்சுதே?" என்று கேட்டான் சீமோன்.

"ஓம். முடிஞ்சுது."

"சரி."

அந்தச் 'சரி'யில் கோபம் இருந்ததா, இல்லையா என்று அகஸ்ரினால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு ஏஜென்ற் இருக்கிறான், வேறு வழி இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டான்.

"இனி என்ன செய்யப்போறாய்? உனக்கு என்ன விருப்பம், சொல்லு."

சீமோன் யோசித்தான். பின்னால் தெருவில் ஒரு பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"கதவைப் பூட்டிப்போட்டு ரண்டு நாள் நித்திரை கொள்ள வேணும் அண்ணை" என்றான். "ஒருத்தரும் தட்டி எழுப்பாமல்."